தமிழ்நாட்டுக் கொடி: 1970ஆம் ஆண்டு முன்மொழிவும் அதன் பின்னணியும்

தமிழ்நாட்டுக் கொடி என்பது, தமிழ்நாடு மாநிலத்துக்கெனத் தனியாக ஒரு கொடி வேண்டும் என்ற நோக்கில் 1970ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி முன்வைத்த கொடி வடிவத்தைக் குறிக்கும். மேல் இடது மூலையில் இந்தியத் தேசியக் கொடியும், கீழ் வலப்பக்கத்தில் தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னமும் கொண்டதாக அந்த வடிவம் அமைந்திருந்தது. அது அரசின் ஏற்பைப் பெறவில்லை. எந்த அரசு அலுவலகத்திலும் ஏறவில்லை. இன்றுவரை தமிழ்நாட்டுக்குப் பெயர், சின்னம், பாடல், மலர், மரம், பறவை, விலங்கு ஆகியவை உண்டு. கொடி மட்டும் இல்லை. ஆயினும் அந்த முயற்சியின் தொடர்ச்சியாக நிகழ்ந்த விவாதங்களுக்கு இடையே, விடுதலை நாளன்று மாநில முதலமைச்சர்கள் தேசியக் கொடியை ஏற்றும் உரிமை 1974இல் கிடைத்தது. இந்தியா முழுவதும் இன்று நடைமுறையில் இருக்கும் வழக்கம் அதுவே.

விருத்தாசலத்தில் காணும் கொடிகள்

ஒரு கொடி எதைக் குறிக்கிறது, அதை ஏற்றும் உரிமை யாருக்கு உண்டு என்ற இரு கேள்விகளும் தமிழ்நாட்டில் புதியவை அல்ல. கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். திருமுதுகுன்றம், பழமலை என்ற பழம்பெயர்களை உடைய இவ்வூரை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களால் அறிவார்கள். ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தகிரீசுவரர் கோயில். மற்றொன்று, பீங்கான் தொழில்.

விருத்தகிரீசுவரர் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்தாக அமைந்தவை என்பது ஊரார் வழக்கு. ஐந்து நந்தி, ஐந்து பிரகாரம், ஐந்து தேர் என்று எண்ணிக்கொண்டே வந்து ஐந்து கொடிமரம் என்பதையும் சொல்வார்கள். மாசிமகப் பெருவிழாவின் தொடக்கம் கொடியேற்றம். சிவன் கோயில் ஆதலால் கொடித்துணியில் நந்தி எழுதப்பட்டிருக்கும். பெருமாள் கோயிலில் கருடனும், முருகன் கோயிலில் சேவலும் அவ்விடத்தைப் பெறும். கொடியில் உள்ள உருவத்தைப் பார்த்தே அது யாருடைய கோயில் என்று சொல்லிவிடலாம். கொடி ஏறியது என்றால் விழா தொடங்கிவிட்டது என்பது பொருள். கொடி இறங்கினால் விழா முடிந்தது என்பது பொருள். கொடியைத் தொட்டு ஏற்றும் உரிமையும் மரபால் வரையறுக்கப்பட்டது.

அதே ஊரில் சார் ஆட்சியர் அலுவலகம், நகராட்சி, பள்ளிகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றில் ஆண்டுக்கு இருமுறை மூவண்ணக் கொடி ஏறுகிறது. தெருமுனைகளில் கட்சிக் கொடிக்கம்பங்கள் நிற்கின்றன. தெய்வத்துக்கும், நாட்டுக்கும், கட்சிக்கும் கொடி உண்டு. இவற்றுக்கு இடையில் இருக்கும் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ கொடி இல்லை. 1970இல் நிரப்ப முயன்றது இந்த இடைவெளியைத்தான்.

மூவேந்தர் குறிகளும் சோழர் முத்திரையும்

பண்டைத் தமிழகத்தில் நிலப்பகுதியைக் கொடியால் அடையாளம் காட்டும் வழக்கம் வலுவாக இருந்தது. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல் என்பது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த செய்தி. பல்லவர் நந்தியைக் குறியாகக் கொண்டனர். யாழ்ப்பாண அரசின் நாணயங்களிலும் நந்தி உருவம் காணப்படுகிறது.

இக்குறிகள் தனித்தனியே நின்றபோது ஒரு பொருளையும், ஒன்றாகச் சேர்ந்தபோது வேறொரு பொருளையும் தந்தன. சோழர் செப்பேடுகளின் வளையத்தில் பொருத்தப்பட்ட முத்திரையில் அமர்ந்த புலியின் அருகில் இரு மீன்களும், வில்லும் காணப்படும். மேலே குடை, பக்கங்களில் சாமரமும் விளக்கும் இருக்கும். பாண்டியரின் கயலும் சேரரின் வில்லும் சோழர் முத்திரைக்குள் வந்தது நட்பைக் காட்டுவதற்கு அன்று. அந்நாடுகள் தம் ஆட்சிக்கு உட்பட்டவை என்பதை அறிவிப்பதற்கு. ஒருவரின் குறிக்குள் இன்னொருவரின் குறி இடம்பெறும்போது, எது பெரிது, எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அவ்விருவரின் உறவைச் சொல்லிவிடும். 1970ஆம் ஆண்டுக் கொடி வடிவத்தைப் படிப்பதற்கும் இந்த அளவுகோல் பயன்படும்.

கோட்டைக் கொடிமரம்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் முதலில் பறந்தவை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலக் கொடிகள். கம்பெனிக் கொடி சிவப்பும் வெள்ளையுமான கிடைக்கோடுகளைக் கொண்டது. அதன் மேல் இடது மூலையில் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சிலுவையும், 1707க்குப் பின் பிரித்தானிய ஒன்றியக் கொடியும் இடம்பெற்றன. மேல் இடது மூலை என்பது கொடியில் மதிப்பு மிகுந்த இடம். கம்பத்தை ஒட்டி, காற்று இல்லாதபோதும் ஓரளவு கண்ணில் படும் இடம் அது. மேலாதிக்கம் உடைய நாட்டின் கொடியை அம்மூலையில் வைப்பது பிரித்தானியக் கடல் வழக்கத்தில் இருந்து உலகெங்கும் பரவியது.

கோட்டையில் உள்ள உயரமான கொடிமரம் எலிகு யேல் ஆளுநராக இருந்த காலத்தில் நாட்டப்பட்டது என்று சொல்லப்படுகிறது. 1932 ஜனவரி 26 அன்று விடுதலைப் போராட்ட வீரர் ஆர்யா என்கிற பாஷ்யம் இரவில் அக்கம்பத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டார். அதற்காகச் சிறை சென்றார். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் முறைப்படி மூவண்ணக் கொடி ஏறியது. அன்று ஏற்றப்பட்ட பட்டுக்கொடி கோட்டை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் ஆட்சி யார் கையில் இருக்கிறது என்பதை அறிவிக்கும் இடமாக அக்கம்பமே மக்கள் மனத்தில் நிலைத்தது. பிற்காலத்தில் நடந்த கொடி உரிமைப் பேச்சும் அதே கம்பத்தைச் சுற்றியே அமைந்தது.

கோபுரச் சின்னம்

விடுதலைக்குப் பின் சென்னை மாகாணத்துக்குப் புதிய அரசுச் சின்னம் தேவைப்பட்டது. அப்போது முதல்வராக இருந்தவர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் (1947–1949). அவர் பிறந்த ஓமந்தூர் திண்டிவனத்துக்கு அருகில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. விருத்தாசலமும் அதே மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அவரது ஆட்சிக் காலத்தில் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் சின்னத்தை வரைந்தார்.

சின்னத்தின் நடுவில் அசோகரின் சிங்கத் தலைப்பு உள்ளது. அதன் இருபுறமும் தேசியக் கொடிகள் உள்ளன. பின்னணியில் ஒரு கோயில் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. சுற்றிலும் எழுத்துகள் உள்ளன. தி.மு.க. ஆட்சிக் காலத்தில் அவ்வெழுத்துகள் தமிழாக்கப்பட்டு, மேலே 'தமிழ்நாடு அரசு' என்றும் கீழே 'வாய்மையே வெல்லும்' என்றும் அமைந்தன.

இந்தக் கோபுரம் எந்தக் கோயிலுடையது என்பதில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் என்பது பரவலான நம்பிக்கை. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அதைப் பரிந்துரைத்தார் என்றும் கூறுவர். ஓவியர் மாதிரியாகக் கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்பது மற்றொரு கருத்து.

எந்தக் கோபுரமானாலும், சமயச் சார்பற்ற ஓர் அரசின் சின்னத்தில் கோயில் கோபுரம் இடம்பெறலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. கோபுரத்தை வழிபாட்டுக்குரிய பொருளாகக் கொள்ளாமல், தமிழ் மண்ணின் கட்டடக் கலைக்கு அடையாளமாகக் கொள்ள வேண்டும் என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை. பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்த தி.மு.க. 1967இல் ஆட்சிக்கு வந்தபோதும் கோபுரத்தை நீக்கவில்லை. எழுத்தை மட்டும் தமிழாக்கியது. இது கவனிக்கத்தக்க செய்தி.

பெயர், பாடல், கொடி

1967 முதல் 1970 வரையிலான ஆண்டுகளில் மாநிலத்தின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக மாறின. 1967 ஜூலை 18 அன்று, சி.என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் அண்ணா மறைந்தார், பிப்ரவரியில் மு. கருணாநிதி முதலமைச்சரானார். மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தெய்வ வணக்கப் பாடல் 1970இல் அரசு நிகழ்ச்சிகளின் தொடக்கப் பாடலாக ஆனது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது.

இதே காலத்தில் ஒன்றிய–மாநில உறவுகளை ஆராய பி.வி. ராஜமன்னார் தலைமையில் ஒரு குழுவைத் தமிழ்நாடு அரசு 1969 செப்டம்பரில் அமைத்தது. அக்குழு 1971 மே மாதம் அறிக்கை அளித்தது. 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்பது அன்றைய முழக்கம். பெயரும் பாடலும் அமைந்த வரிசையில் கொடியையும் சேர்க்க எண்ணியதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

1970ஆம் ஆண்டு வடிவம்

1970 ஆகஸ்டில் புதுதில்லியில் செய்தியாளர்களைச் சந்தித்த கருணாநிதி, தமிழ்நாட்டுக்கான கொடி வடிவத்தை வெளியிட்டார். மாநிலங்கள் தமக்கெனக் கொடி வைத்துக்கொள்ள இடமளிக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை.

அவ்வடிவத்தில் எவை இடம்பெற்றன என்பதோடு எவை இடம்பெறவில்லை என்பதும் முக்கியம். வில், புலி, கயல் ஆகிய மூவேந்தர் குறிகள் அதில் இல்லை. அவை தமிழ் உணர்வை எளிதில் எழுப்பக்கூடியவை. ஆனால் தனியரசை நினைவூட்டக்கூடியவை. ஏற்கெனவே நடைமுறையில் இருந்த, காங்கிரஸ் ஆட்சியில் உருவான கோபுரச் சின்னமே எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனால் ஒரு கட்சியின் கொடி என்று அதைத் தள்ளிவிட முடியாது.

தேசியக் கொடி மேல் இடது மூலையில், அதாவது மதிப்பு மிகுந்த இடத்தில் வைக்கப்பட்டது. மாநிலச் சின்னம் கீழே வலப்பக்கத்தில் நின்றது. சோழர் முத்திரையில் பெரிய புலி, அடங்கிய நாடுகளின் குறிகளைத் தன் அருகில் வைத்துக்கொண்டது. இங்கே அதற்கு நேர்மாறு: மாநிலத்தின் கொடியே தன் உயர்ந்த இடத்தை ஒன்றியத்துக்குக் கொடுத்தது. இந்தியாவுக்குள் இருக்கும் தமிழ்நாடு என்பதைச் சொற்கள் இன்றிச் சொல்லும் அமைப்பு இது.

உலக வழக்கிலும் இதற்கு இணை உண்டு. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா முதலிய ஆஸ்திரேலிய மாநிலங்களின் கொடிகளில் மேல் இடது மூலையில் பிரித்தானியக் கொடியும், வலப்பக்கத்தில் மாநில முத்திரையும் இருக்கும். அமைப்பு ஒன்றுபோலத் தோன்றினாலும் பொருள் வேறு. அங்கே மூலையில் இருப்பது முன்னாள் ஆட்சியாளரின் கொடி. தமிழ்நாட்டு வடிவத்தில் இருந்தது மாநிலம் தானே ஓர் உறுப்பாக இருக்கும் நாட்டின் கொடி.

ஐயமும் எதிர்ப்பும்

வடிவம் அடக்கமாக இருந்தும் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. தேசியக் கட்சிகளைச் சேர்ந்த தலைவர்கள் பலர் அதைப் பிரிவினையின் முதல் படியாகக் கண்டனர். அதற்குக் காரணம் கொடியின் வடிவத்தில் இல்லை. அதை முன்வைத்தவர்களின் கடந்தகாலத்தில் இருந்தது. தி.மு.க. 1960களின் தொடக்கம் வரை திராவிட நாடு கோரிக்கையை வைத்திருந்த கட்சி. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி ஏற்காமல் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலையை 1963ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பதினாறாம் திருத்தம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டது. கைவிட்டு ஏழு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் வந்த தனிக்கொடிப் பேச்சைப் பலர் பழைய கோரிக்கையின் கண்ணாடி வழியாகப் பார்த்தனர்.

ஜம்மு காஷ்மீர் அப்போது தனிக்கொடி பெற்றிருந்தது. செந்நிறத் துணியில் வெண்ணிறக் கலப்பையும் மூன்று செங்குத்துக் கோடுகளும் கொண்ட அக்கொடி 1952இல் ஏற்கப்பட்டது. மூன்று கோடுகளும் ஜம்மு, காஷ்மீர், லடாக் ஆகிய மூன்று பகுதிகளைக் குறித்தன. ஆனால் அந்த மாநிலத்துக்கு அரசியலமைப்பில் தனி நிலை இருந்தது. அந்நிலை இல்லாத மாநிலம் ஒன்று கொடி கேட்பது புதிது. பிரதமர் இந்திரா காந்தி, பிற மாநில முதலமைச்சர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற நிலையை எடுத்தார். அத்துடன் அந்த முன்மொழிவு நகராமல் நின்றது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், இந்திய அரசியலமைப்பில் மாநிலக் கொடி பற்றிய விதி எதுவும் இல்லை. அதைத் தடுக்கும் விதியும் இல்லை. தேசியக் கொடிக்கு மேலாகவோ அதற்கு இணையாக அருகிலோ வேறு கொடி பறக்கக் கூடாது என்பது கொடி நெறிமுறையின் விதி. ஆகவே 1970இல் தடையாக நின்றது சட்டம் அன்று. ஒன்றிய அரசின் இசைவு இல்லாமையே.

1974: கொடி ஏற்றும் உரிமை

தனிக்கொடி கிடைக்காத நிலையில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. அதுவரை மாநிலத் தலைநகரங்களில் விடுதலை நாள், குடியரசு நாள் ஆகிய இரண்டிலும் கொடி ஏற்றியவர்கள் ஆளுநர்கள். ஆளுநர் ஒன்றியத்தால் அமர்த்தப்படுபவர்; முதலமைச்சர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் தலைவர். தில்லியில் செங்கோட்டையில் விடுதலை நாளன்று பிரதமர் கொடி ஏற்றுகிறார். அப்படியானால் மாநிலத்தில் அந்த நாளில் முதலமைச்சர் ஏன் ஏற்றக் கூடாது என்பது கருணாநிதியின் வாதம்.

இக்கோரிக்கையை இந்திரா காந்தியின் அரசு ஏற்றது. விடுதலை நாளன்று முதலமைச்சரும், குடியரசு நாளன்று ஆளுநரும் கொடி ஏற்றுவது என்று முடிவாயிற்று. 1974 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் கருணாநிதி தேசியக் கொடியை ஏற்றினார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் மாநில சுயாட்சித் தீர்மானம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது.

இரண்டு கோரிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். 1970இல் கேட்டது, கம்பத்தில் ஏறும் துணியில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம். 1974இல் கேட்டது, கயிற்றை இழுக்கும் கையில் தமிழ்நாட்டு மக்களுக்கு ஓர் இடம். முன்னது மறுக்கப்பட்டது, பின்னது கிடைத்தது. முன்னது தமிழ்நாட்டுக்கு மட்டும் பயன்பட்டிருக்கும்; பின்னது எல்லா மாநிலங்களுக்கும் பயன்பட்டது.

பிற மாநிலங்களும் நாடுகளும்

கர்நாடகத்தில் 1960களில் மா. ராமமூர்த்தி உருவாக்கிய மஞ்சள்–சிவப்புக் கொடி கன்னட இயக்கத்தின் கொடியாகப் பரவி, ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று ஏற்றப்படுகிறது. 2018 மார்ச்சில் சித்தராமையா அரசு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று பட்டைகளும், நடுவில் இருதலைப் பறவை உள்ள மாநிலச் சின்னமும் கொண்ட அதிகாரக் கொடி வடிவத்தை ஏற்று ஒன்றிய அரசுக்கு அனுப்பியது. அதற்கு ஒப்புதல் கிட்டவில்லை. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் தனி நிலை நீக்கப்பட்டபோது அதன் கொடியும் அரசுக் கட்டடங்களில் இருந்து இறங்கியது. இன்று ஒன்றிய அரசின் ஏற்புப் பெற்ற தனிக்கொடி எந்த மாநிலத்துக்கும் இல்லை.

பிற நாடுகளில் நிலை வேறு. இலங்கையில் மாகாணங்களுக்குக் கொடிகள் உள்ளன. இங்கிலாந்தில் மாவட்டத்துக்கு இணையான கவுண்டிகள் பலவும் தமக்கெனக் கொடி வைத்துள்ளன. டெவன் கவுண்டிக்குப் பச்சை, கறுப்பு, வெள்ளை நிறங்கள் கொண்ட கொடி 2003இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தேர்வானது. கென்யாவில் புதிய அரசியலமைப்பின்படி அமைந்த 47 கவுண்டிகளும் தத்தம் கொடிகளைக் கொண்டுள்ளன.

மாவட்டத்துக்கு ஒரு கொடி?

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் எதற்கும் கொடி இல்லை. தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் இரண்டாகப் பிரிந்து கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் ஆயின. விழுப்புரத்தில் இருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. விருத்தாசலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுநாளாக உள்ளது. எல்லைகள் மாறின, பெயர்ப்பலகைகள் மாறின. எந்த மாவட்டமும் தன்னை ஒரு குறியால் காட்டிக்கொள்ளும் தேவை எழவில்லை.

அப்படி ஒரு தேவை எழுந்தால் விருத்தாசலத்தின் கொடியில் எதை வரைவது? கோயில் கோபுரம் என்று ஒருவர் சொல்லலாம். அது எல்லாச் சமயத்தாருக்கும் உரியதா என்று மற்றவர் கேட்கலாம். நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண்ணைச் சுட்டு உருவாகும் பீங்கான் பொருளையோ சூளையையோ வரையலாம் என்று தொழிலாளர் சொல்லலாம். முந்திரியும் கரும்பும் விளைவிக்கும் சுற்றுப்புற ஊரார், அது நகரத்தின் அடையாளம்தானே என்பர். மணிமுத்தாற்றை வரைந்தால் எல்லாருக்கும் பொது. ஆனால் ஆறு எல்லா ஊருக்கும் உண்டு. அது விருத்தாசலத்தைத் தனித்துக் காட்டாது. தனித்துக் காட்டும் குறி சிலரை வெளியே நிறுத்துகிறது. எல்லாரையும் சேர்க்கும் குறி எந்த ஊரையும் காட்டுவதில்லை. கோபுரச் சின்னத்தை வரைந்தவர்களும், 1970இல் கொடியை வகுத்தவர்களும் எதிர்கொண்டது இதே சிக்கலைத்தான்.

மதிப்பீடு

1970ஆம் ஆண்டுக் கொடி பறக்காமல் போனது. ஆனால் அதற்குரிய கூறுகள் யாவும் தனித்தனியே வாழ்கின்றன. கோபுரச் சின்னம் ஒவ்வொரு அரசாணையின் தலைப்பிலும், அரசுப் பள்ளிப் பாடநூலின் அட்டையிலும் உள்ளது. தேசியக் கொடியை விடுதலை நாளன்று முதலமைச்சர் ஏற்றுகிறார். தமிழ்நாடு என்ற பெயர் சூட்டத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18 தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்படும் என்று 2021இல் அரசு அறிவித்தது. தனிக்கொடி வேண்டும் என்ற குரலும் அவ்வப்போது எழுகிறது.

கொடி ஒன்றின் பொருள் அதன் நிறங்களிலும் உருவங்களிலும் மட்டும் அடங்குவதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. தேசியக் கொடிக்கு உயர்ந்த இடம் கொடுத்து வரையப்பட்ட வடிவத்தையே பிரிவினையின் அடையாளமாகப் பலர் படித்தார்கள். அதே தலைவர், நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தத் தேசியக் கொடியையே ஏற்றும் உரிமையைக் கேட்டுப் பெற்றார். விருத்தாசலத்தின் கோயிலில் நந்திக்கொடி ஏறும்போது, கொடியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாதிடுவதில்லை. யார் ஏற்றுவது, எப்போது ஏற்றுவது என்பவற்றில்தான் மரபும் உரிமையும் அடங்கியுள்ளன. மாநிலங்களின் உரிமை வரலாற்றிலும் 1974ஆம் ஆண்டின் சிறிய மாற்றம் அத்தகைய இடத்தைப் பெறுகிறது.